திரையில் ஓடும் எலக்ட்ரான்கள்

தமிழகப் பாடநூல்களின் கியூ.ஆர். குறியீடுகளுக்குப் பின்னால் இருக்கும் இணையச் சிமுலேஷன்கள் எப்போது கற்பிக்கின்றன, எப்போது வெறும் காட்சியாக நின்றுவிடுகின்றன?

கணினித் திரையின் நடுவே வெற்றுப் பரப்பு. அதன் ஓரத்துப் பெட்டியில் கம்பி, மின்கலம், மின்விளக்கு, மின்தடை, சாவி ஆகியன எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கின்றன. 9 வோல்ட் மின்கலம் ஒன்றை இழுத்து வைத்து, 10 ஓம் மின்தடை உடைய விளக்கொன்றை இரண்டு கம்பிகளால் அதனோடு இணைத்து முடித்த கணத்திலேயே விளக்கைச் சுற்றி மஞ்சள் கதிர்கள் எழுகின்றன. கம்பிகளுக்குள் கழித்தல் குறி பொறித்த நீல உருண்டைகள் வரிசையாக நகரத் தொடங்குகின்றன. சுற்றின் எந்த இடத்தில் அம்மீட்டரை வைத்தாலும் அது 0.9 ஆம்பியர் என்றே காட்டுகிறது; விளக்குக்குள் நுழையும் உருண்டைகளும் அதைவிட்டு வெளியேறும் உருண்டைகளும் ஒரே நெருக்கத்தில், ஒரே வேகத்தில் செல்கின்றன. விளக்கு எரிவதற்காக மின்னோட்டம் செலவாகிவிடுகிறது என்று மாணவர்கள் நம்புவதைக் கல்வி ஆய்வுகள் பல நாடுகளில் பதிவுசெய்துள்ளன. அந்த நம்பிக்கையோடு வந்த கண்ணுக்கு இக்காட்சி நேரடியான மறுப்பு. விளக்கை விலக்கிவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தாலோ, உருண்டைகள் பாய்ந்தோட, மின்கலத்தின் மேல் தீ நாக்குகள் எழுகின்றன. குறுக்குச் சுற்று என்பது என்ன என்பதை விரல் சுடாமல், மின்கலம் வீணாகாமல் ஒரு மாணவி எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

இயற்கை நிகழ்வு ஒன்றைச் சமன்பாடுகளாக மாற்றி, அச்சமன்பாடுகளைக் கணினி இடைவிடாமல் கணக்கிட்டுப் படமாகக் காட்ட, பயில்பவர் ஓர் அளவை மாற்றும்போது மற்ற அளவுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தம் கையாலேயே கண்டறிய உதவும் இந்த ஏற்பாட்டைத்தான் ஊடாடும் சிமுலேஷன் என்கிறார்கள். காணொளி ஒவ்வொரு முறையும் ஒரே கதையைச் சொல்கிறது. அதைப் பார்ப்பவர் கேள்வி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது ஓடி முடிகிறது. சிமுலேஷன் அப்படிப்பட்டதன்று. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தரும். கேள்வியே இல்லாதவருக்கு அது வண்ணங்கள் அசையும் ஒரு திரை மட்டுமே. இந்த ஒரு வேறுபாடு வகுப்பறையில் என்ன பாடுபடுகிறது என்பதில்தான் இக்கருவிகளின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் அறிவியல், கணிதப் பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பக்கம் இடம்பெற்றது, அங்குள்ள கியூ.ஆர். குறியீடுகளில் பல, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களையோ ஆஸ்திரியாவில் பிறந்த ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளையோ சென்றடைகின்றன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்ற பெயரில் கணினி அறைகளும் நிறுவப்பட்டுள்ளன. கருவியும் வந்துவிட்டது, அதை இயக்கும் இடமும் வந்துவிட்டது.

நோபல் பரிசுப் பணத்தில் ஒரு தொடக்கம்

கணினியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி 1960-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ அமைப்பிலும், 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய குழுவினரும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியிலும் தொடங்கி, 1995-இல் ஜாவா மொழி இணைய உலாவிகளுக்குள் நுழைந்ததும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலர் தனித்தனியே எழுதி வெளியிட்ட சிறு செயலிகளாகப் பெருகியது. அவற்றுள் நிலைத்து வளர்ந்தது ஃபெட். மீக்குளிர் நிலையில் ரூபிடியம் அணுக்களைப் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளாக மாற்றிக் காட்டியதற்காக 2001-இல் இயற்பியல் நோபல் பரிசை எரிக் கார்னல், வுல்ஃப்காங் கெட்டர்லே ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், பரிசுத் தொகையின் ஒரு பகுதியையும் சேர்த்து, 2002-இல் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் இத்திட்டத்தைத் தொடங்கினார். இயற்பியலுக்கு மட்டும் எனத் தொடங்கிய அது, பின்னர் வேதியியல், உயிரியல், புவி அறிவியல், கணிதம் என விரிந்தது.

ஃபெட் குழுவினரின் முறையில் கவனிக்கத்தக்கது, அவர்கள் மாணவரைச் சோதனைக்கு அழைத்த விதம். ஒரு சிமுலேஷனை வெளியிடும் முன் மாணவர்களை ஒவ்வொருவராக அமர்த்தி, எந்த வழிகாட்டலும் தராமல் அதை இயக்கச் சொல்லி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யுமாறு கேட்டுக்கொண்டு, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எந்தப் படத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்தார்கள். அப்பதிவுகளைக் கொண்டு பொத்தான்களின் இடமும் நிறமும் அளவும் மாற்றப்பட்டன. பேராசிரியருக்குத் தெளிவாகத் தோன்றும் படம் மாணவருக்கு வேறொன்றைச் சொல்லக்கூடும் என்ற பணிவு அந்த வடிவமைப்பின் அடித்தளத்தில் இருக்கிறது. பாடநூல் எழுதுவோர் அனைவரும் கைக்கொள்ள வேண்டிய பணிவு அது.

■ பெட்டிச் செய்தி: இந்தியாவில் நடந்தவை
பொறியியல், அறிவியல் கல்லூரிகளுக்கான ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ திட்டம், தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் கீழ், தில்லி ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் நடைபெறுகிறது, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. பள்ளி மாணவர்க்கான ‘ஓலேப்ஸ்’ இணைய ஆய்வகத்தை அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பையின் சி–டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. கேரளத்தில் அரசே தயாரித்து அளிக்கும் கட்டற்ற இயங்குதளத்துக்குள் ஜியோஜீப்ரா முன்கூட்டியே நிறுவப்பட்டுப் பள்ளிகளுக்குச் செல்கிறது. ஆகவே அங்குள்ள ஆசிரியர் இணைய இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வகத்தை வென்ற திரை

திரையில் கற்பது உண்மைப் பொருளில் கற்பதற்கு ஈடாகுமா என்ற ஐயத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. நோவா ஃபிங்கல்ஸ்டைனும் ஃபெட் குழுவினரும் கொலராடோவின் தொடக்கநிலை இயற்பியல் மாணவர்களை இரு பிரிவுகளாகப் பிரித்து, மின்சுற்று குறித்த ஆய்வக வகுப்பில் ஒரு பிரிவினருக்கு உண்மையான கம்பிகளையும் விளக்குகளையும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு மேலே கண்ட மின்சுற்றுச் சிமுலேஷனை மட்டும் கொடுத்தார்கள். வகுப்பின் முடிவில் இரு பிரிவினரும் உண்மையான கருவிகளைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்து, அது எவ்வாறு இயங்குகிறது என்று விளக்க வேண்டும். கம்பியையே தொடாமல் பயின்றவர்கள், தொட்டுப் பயின்றவர்களைவிட அதைச் சிறப்பாகச் செய்தார்கள். இறுதித் தேர்வின் மின்சுற்று வினாக்களிலும் அவர்களே முன்னின்றார்கள்.

இந்த முடிவைக் கேட்டவுடன் ஆய்வகங்களை மூடிவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. முடிவுக்கான காரணத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான மேசையில் மாணவரின் கவனம் கம்பி உறையின் நிறம், பற்றாத முனை, தீர்ந்துபோன மின்கலம், எரிந்துபோன இழை எனப் பல இடங்களில் சிதறுகிறது. மின்னோட்டம் என்ற கருத்தோ கண்ணுக்குத் தெரியாமலேயே கிடக்கிறது. திரை அந்தச் சிதறல்களை நீக்கி, காண முடியாத ஒன்றைக் காண வைக்கிறது. அதாவது சிமுலேஷனின் வலிமை அது உண்மையைப் போல் இருப்பதில் இல்லை. உண்மையிலிருந்து எதை நீக்கலாம், எதைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று ஆசிரியர் மனம் படைத்த ஒருவர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருப்பதில் இருக்கிறது. இதே காரணத்தால் அந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. அது பின்னர் வருகிறது.

புரொஜெக்டரில் காட்டினால் போதுமா?

பெரும்பாலான பள்ளிகளில் சிமுலேஷன் நுழையும் வாயில் புரொஜெக்டர்தான். கணினிகள் குறைவு, பாடவேளை 45 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு, முடிக்க வேண்டிய பாடங்களோ அதிகம் என்ற நெருக்கடியில், ஆசிரியர் தாமே இயக்கி, தாமே விளக்கி, மாணவர்கள் பார்த்து முடிப்பதே இயல்பாகிவிடுகிறது. இங்கே ஆசிரியரைக் குறைகூற இடமில்லை. ஆனால் இப்படிப் பார்த்து முடிப்பதில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் க்ரவுச், எரிக் மசூர் உள்ளிட்டோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பறையில் செய்துகாட்டப்படும் சோதனைகளைப் பற்றியது. ஆசிரியர் செய்துகாட்டிய சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், அச்சோதனையை ஒருபோதும் பார்க்காத மாணவர்களின் புரிதலைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. என்ன நடக்கும் என்று முன்னதாகவே ஊகித்துச் சொல்லுமாறு கேட்கப்பட்டு, அதன்பின் சோதனையைப் பார்த்தவர்களின் புரிதல் உயர்ந்தது. ஊகிப்பதற்குச் செலவான நேரம் சில நிமிடங்களே. ஊகித்தவருக்குச் சோதனையின் முடிவில் ஒரு பங்கு இருக்கிறது. தம் எண்ணம் சரியா தவறா என்று அறியும் ஆவலோடு அவர் பார்க்கிறார். ஊகிக்காதவர் தாம் ஏற்கெனவே நம்புவதையே திரையிலும் கண்டுவிட்டு எழுந்து செல்கிறார்.

கணினியை மாணவர் கையிலேயே கொடுத்துவிட்டாலும் இச்சிக்கல் தீர்வதில்லை. வெண்டி ஆடம்ஸ், வீமன் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மாணவர்க்கு எவ்வளவு வழிகாட்டல் தேவை என்பதை ஆராய்ந்தது. இதை அழுத்து, அதை 5-க்கு நகர்த்து, வருவதைக் குறித்துக்கொள் எனப் படிப்படியான கட்டளைகளைப் பெற்ற மாணவர்கள் அக்கட்டளைகளை நிறைவேற்றியதோடு நின்றார்கள். சிமுலேஷனின் மற்றப் பகுதிகளை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்த வினா ஒன்றை மட்டும் பெற்றவர்கள் தாமாகவே துருவினார்கள், வியந்தார்கள், புதிய கேள்விகளை எழுப்பினார்கள். அதேவேளை, வினா ஏதுமின்றி முற்றிலும் கட்டற்று விடுவதும் உதவாது என்பதை டான் டி யோங், வௌட்டர் வான் யோலிங்கன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு முன்னரே காட்டியிருந்தது: கருதுகோள் அமைக்கத் தெரியாத மாணவர், ஒரே நேரத்தில் பல அளவுகளை மாற்றிவிட்டு, எதனால் எது மாறியது என்று அறிய முடியாமல் குழம்புகிறார். ஆகவே வழிகாட்டல் கட்டாயம் வேண்டும். அது பொத்தானைப் பற்றியதாக இல்லாமல் இயற்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழகப் பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது பயன்தரும். உரலியைத் தட்டச்சு செய்க அல்லது குறியீட்டை ஸ்கேன் செய்க என்பது முதற்படி. அடுத்து எதைச் சொடுக்க வேண்டும், எந்த நழுவலை நகர்த்த வேண்டும் என்பன பின்வரும் படிகள். பக்கத்தின் ஓரத்தில் அப்படிகளுக்குரிய திரைக்காட்சிப் படங்கள், அவை அடையாளத்துக்கு மட்டுமே என்ற குறிப்புடன். இப்பக்கங்களைத் தொகுத்த ஆசிரியர்களின் உழைப்பு பெரிது. கணினியைத் தொட அஞ்சும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் அப்படிகள் கைத்தாங்கலாக இருந்திருக்கும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் மாணவர் எதை ஊகிக்க வேண்டும், எது வியப்பளிக்கக்கூடும், கண்டதைக் கொண்டு எதை விளக்க வேண்டும் என்ற வினாக்கள் அங்கே அரிதாகவே தென்படுகின்றன. கட்டளைகளை மட்டும் பெற்ற கொலராடோ மாணவர்களுக்கு நேர்ந்தது இங்கும் நேரும் என்று எதிர்பார்ப்பதே முறை.

இரு விடைகள் முரண்படும்போது

நல்ல ஆசிரியர் ஒருவர் கையில் திரையும் ஆய்வகமும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதை ஒரே ஒரு வினாவைக் கொண்டு நெருங்கிப் பார்க்கலாம். எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்குக்குப் பக்க இணைப்பில் அதே போன்ற இன்னொரு விளக்கைச் சேர்த்தால் முதல் விளக்கின் ஒளி என்ன ஆகும்? மாணவருள் பலர், மின்னோட்டம் இரண்டாகப் பங்கிடப்படுவதால் ஒளி குறையும் என்பார்கள். சிமுலேஷன் வேறு விடை தருகிறது. 9 வோல்ட் மின்கலமும் 10 ஓம் விளக்குகளும் உள்ள சுற்றில் ஒவ்வொரு விளக்கிலும் அதே 0.9 ஆம்பியர் செல்கிறது. முதல் விளக்கின் ஒளி சிறிதும் குறையவில்லை. மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம்தான் 1.8 ஆம்பியராகிறது. மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தை வழங்கும் கருவி என்ற ஆழமான பிழை இங்கே உடைகிறது.

இப்போது அதே மாணவர்கள் ஆய்வக மேசைக்குச் சென்று, நாட்பட்ட மின்கலத்தையும் உண்மையான விளக்குகளையும் கொண்டு அதையே செய்து பார்த்தால், இரண்டாவது விளக்கைச் சேர்த்தவுடன் முதல் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி மங்கக்கூடும். திரை பொய் சொன்னதா? இல்லை. சிமுலேஷனின் கூடுதல் அமைப்புகளைத் திறந்தால் மின்கலத்தின் அக மின்தடையை மாற்றும் நழுவல் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் புறக்கணிக்கத்தக்க அளவில் வைக்கப்பட்டிருக்கும் அதை 2 ஓம் என்று வைத்தால், ஒற்றை விளக்கில் 0.75 ஆம்பியர் செல்கிறது. இரண்டாவதைச் சேர்த்ததும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.64 ஆம்பியராகக் குறைகிறது. மேசையில் கண்ட மங்கல் திரைக்கும் வந்துவிட்டது. அக மின்தடை என்பது பாடநூலில் மனப்பாடம் செய்யப்படும் ஒரு வரையறையாக இருந்த நிலை மாறி, கண்ணெதிரே தோன்றிய ஒரு முரண்பாட்டைத் தீர்த்த விளக்கமாக மாணவரிடம் தங்குகிறது. திரை மட்டும் இருந்திருந்தால் முரண்பாடே தோன்றியிராது. மேசை மட்டும் இருந்திருந்தால் ஒளி குறையும் என்ற தவறான காரணமே உறுதிப்பட்டிருக்கும். 2013-இல் டி யோங், மார்சியா லின், ஸகாரியாஸ் ஸகாரியா ஆகிய மூவரும் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதன் சிறப்பை வலியுறுத்தினார்கள். மேற்கண்ட சுற்று அதற்குப் போதுமான சான்று.

எனவே ஆய்வகக் கருவிகள் இல்லாத குறையைச் சிமுலேஷன் ஈடுசெய்யும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எச்சரிக்கை தேவை. தனி ஊசல் சோதனையைத் திரையில் செய்யும் மாணவருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் பழுதில்லாமல் வந்துவிடுகிறது. நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே வரை அளப்பது, நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தும் விரல் தாமதிப்பதால் என்ன பிழை வருகிறது, அப்பிழையைக் குறைக்க 20 அலைவுகளை எண்ணுவது ஏன் என்பன போன்ற அறிவை நூலும் குண்டும் கையில் இருந்தால்தான் பெற முடியும். அளவீட்டில் பிழை இருக்கும் என்று அறியாத அறிவியல், பாதி அறிவியலே.

■ பெட்டிச் செய்தி: மாதிரி மறைப்பது என்ன?
ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக முன்னேறும் இழுப்புத் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு மணி நேரத்தில் அவை 26 சென்டிமீட்டர் அளவே நகரும். சாவியை அழுத்தியவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதும் மின்புலம் மிக விரைவாகப் பரவுவதுமே. திரையில் உருண்டைகள் கண்முன் ஓடுகின்றன, எண்ணிக்கையில் சிலவே தெரிகின்றன, ஒரே திசையில் அணிவகுக்கின்றன. உண்மையிலோ ஒரு கனமீட்டர் செம்பில் ஏறத்தாழ 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக அலைந்தபடி, மிக மெல்ல ஒரு பக்கம் சாய்கின்றன. படத்தை உண்மை என்று எடுத்துக்கொண்ட மாணவருக்கு ஒரு பிழை நீங்கி, வேறொரு பிழை குடியேறுகிறது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

179.99 பாகை

கணிதத்தில் நிலைமை சற்று வேறு. 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தம் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய ஜியோஜீப்ராவில், முக்கோணத்தின் ஓர் உச்சியைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, அவற்றின் கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கிறது. கரும்பலகையில் ஒரே ஒரு முக்கோணத்தைக் கண்டவருக்குக் கிட்டாத ஒன்று இங்கே கிட்டுகிறது: ‘எல்லா முக்கோணங்களும்’ என்ற சொற்றொடரின் பரப்பு. அரைவட்டத்தில் அமையும் கோணம், வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள், ஒரு நேர்க்கோட்டின் சாய்வு, இருபடிச் சார்பின் கெழுவை மாற்றும்போது பரவளையம் அகன்றும் குறுகியும் கவிழ்ந்தும் நிற்பது ஆகியவற்றையும் இவ்வாறே இழுத்துக் காணலாம்.

ஆனால் ஆயிரம் முறை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. இந்த வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்தத் திரையே ஒரு வாய்ப்பையும் வைத்திருக்கிறது. கோண அளவுகளை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கிக் காட்டும்போது, ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 47.33, 61.33, 71.33 எனத் தெரியலாம், கூட்டினால் 179.99 பாகை. தேற்றம் பொய்யானதா, கணினி தவறியதா என்று கேட்கும் மாணவர், அம்மூன்றும் உண்மையில் 47⅓, 61⅓, 71⅓ என்பதையும், சுருக்கியதில் விடுபட்ட சிறு பகுதிகளே அந்த 0.01 பாகை என்பதையும் கண்டறிந்தவுடன், அளவிட்டு நம்புவதற்கும் தருக்கத்தால் நிறுவுவதற்கும் இடையிலுள்ள தொலைவைத் தாமே அளந்துவிடுகிறார். உச்சியின் வழியே எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து நிரூபிக்கும் பழைய முறைக்கு அதன் பிறகு ஒரு தேவை பிறக்கிறது. தேவை பிறந்த பின் சொல்லப்படும் நிரூபணம் மனத்தில் தங்கும்.

ஃபிளாஷ் அணைந்த நாள்

பாடநூல் அச்சானதும் சில ஆண்டுகள் மாறாமல் நிற்கும். இணையம் அப்படி நிற்பதில்லை. ஃபெட்டின் பழைய சிமுலேஷன்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவை. குரோம் உலாவி 2015-இல் ஜாவா செருகுநிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் முடித்துக்கொண்டு, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதையே தடுத்துவிட்டது. உலகெங்கும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட கற்பித்தல் செயலிகள் பல அதோடு செயலிழந்தன. ஃபெட் குழு முன்கூட்டியே விழித்துக்கொண்டு, உலாவிகள் தாமாகவே புரிந்துகொள்ளும் எச்.டி.எம்.எல். 5 தரத்துக்குத் தன் சிமுலேஷன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதியது. அது பல ஆண்டுக்காலப் பணி. தமிழகப் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்கள் சிலவற்றிலோ, தேவையெனில் ஃபிளாஷை அனுமதிக்குமாறு கூறும் அடிக்குறிப்பு, ஃபிளாஷ் மறைந்த பிறகும் அச்சில் நின்றது.

உடைமையும் மாறக்கூடியது. ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. 2024 ஜூலையில் அந்நிறுவனத்தின் மீது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை தொடங்கியது. ஜியோஜீப்ரா தொடர்ந்து இயங்கிவந்தது. வகுப்பறைகளுக்கு இடையூறு நேரவில்லை. எனினும் இலட்சக்கணக்கான மாணவர்களின் பாடநூல் சுட்டிக்காட்டும் முகவரி, அந்தப் பாடநூலை வெளியிட்ட அரசின் கட்டுப்பாட்டுக்கு முற்றிலும் வெளியே இருப்பது எத்தகைய நிலை என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது. இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. புதிய ஃபெட் சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளத்தக்கது. பென் டிரைவில் போட்டு, இணைப்பே இல்லாத பள்ளிக் கணினியில் உலாவியைத் திறந்து இயக்கலாம். ஒரு மாவட்டத்துக்குத் தேவையான சிமுலேஷன்களைத் தேர்ந்து, பாடவாரியாக அடுக்கி, ஒவ்வொரு பள்ளியின் கணினியிலும் ஏற்றிவைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. யாரேனும் ஒருவரின் பொறுப்பாக அது ஆக்கப்பட்டால் நடந்தேறும்.

மொழியிலும் இதே நிலைதான். ஃபெட் சிமுலேஷன்கள் தன்னார்வலர்களின் உழைப்பால் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. தமிழிலும் பல உள்ளன. ஆனால் தன்னார்வலர் தேர்ந்த கலைச்சொல்லும் மாணவரின் பாடநூலில் உள்ள கலைச்சொல்லும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. தமிழ்வழியில் பயிலும் மாணவர் திரையில் ஆங்கிலச் சொல்லையோ, தாம் அறியாத தமிழ்ச் சொல்லையோ கண்டு தயங்கும் அந்த நொடியில், எலக்ட்ரானைப் பற்றிய கேள்வி சொல்லைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. பாடநூலைத் தயாரிக்கும் நிறுவனமே சொற்பட்டியலைச் சரிபார்த்து வழங்கினால் இத்தடை நீங்கும்.

தேர்வு கேட்காத கேள்வி

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 25. எழுத்துத் தேர்வின் வினாக்கள் பெரும்பாலும் விதியைக் கூறச் சொல்கின்றன, வேறுபாடு கேட்கின்றன, சூத்திரத்தில் எண்களைப் பொருத்தச் சொல்கின்றன. ஊகித்து, சோதித்து, ஊகம் பொய்த்ததற்குக் காரணம் சொல்லும் திறனுக்கு மதிப்பெண் இல்லாதவரை, அதற்காகப் பாடவேளையைச் செலவிடும் ஆசிரியர் தம் மாணவரின் மதிப்பெண்ணைப் பணயம் வைப்பவராகவே உணர்வார். கணினி அறைகளைக் கட்டிய பொதுப்பணம் இந்த இடத்தில்தான் முடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு வினாவேனும் இத்தன்மையதாக அமைந்தால் பயிற்சி வகுப்புகள்கூட அதைப் பின்தொடரும்; தேர்வைப் பின்தொடராத எதுவும் நம் பள்ளிகளில் நெடுநாள் நிலைத்ததில்லை.

இணையச் செயல்பாட்டுப் பக்கமும் இதற்கேற்ப மாற்றி எழுதப்படக் கூடியதே. அமில, காரப் பாடத்தின் இறுதியில் முதலில் ஒரு வினா நிற்கட்டும்: எலுமிச்சைச் சாற்றில் தொடர்ந்து நீரைச் சேர்த்துக்கொண்டே சென்றால் அதன் பி.எச். மதிப்பு 7-ஐத் தாண்டுமா? அதன் கீழே விடையையும் காரணத்தையும் எழுத நான்கு வரி இடம், கியூ.ஆர். குறியீடு அதற்குப் பிறகே. குறியீட்டின் வழியே ஃபெட்டின் பி.எச். சிமுலேஷனைத் திறக்கும் மாணவர், குழாயைத் திறந்து எவ்வளவு நீர் சேர்த்தாலும் மதிப்பு 7-ஐ நெருங்குவதையும் அதைக் கடக்காமல் நிற்பதையும் காண்பார். அடுத்த வரி அவரை ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்: உண்மையான எலுமிச்சைச் சாறு, பி.எச். தாள், பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீர். பைகார்பனேட் மிகுந்த நிலத்தடி நீர் சற்றே காரத்தன்மை கொண்டதாக இருக்கக்கூடும். அத்தகைய ஊரில் போதுமான அளவு நீர் சேர்த்த பின் தாள் 7-க்கு மேலான நிறத்தைக் காட்டலாம். திரையில் உள்ள நீர் தூய நீர், குழாயில் வருவது ஊரின் நீர் என்பதை அந்த மாணவர் தம் சொற்களில் எழுத, பக்கத்தின் அடியில் இன்னும் நான்கு வரி இடம் வேண்டும்.